கம்பம் நடுவதற்கு முன் போயிருக்க வேண்டிய அலுவலகம்

6,200 டாலர். எங்கள் மேய்ச்சல் நிலத்தை நடுவில் பிரித்து 2021 டிசம்பரில் 2,300 அடிக்குக் குறுக்கு வேலி போட்ட ஆளுக்கு எண்ணிக் கொடுத்த தொகை அது. இதே மாதிரி வேலிக்கு அரசாங்கம் பெரும்பங்கு பணம் தருகிறது என்பது எனக்கு 2022 பிப்ரவரியில் தெரிய வந்தது. ஏற்கெனவே போட்டுவிட்ட வேலிக்குத் தராது என்பது அடுத்த வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. "ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் முன்னால் நட்ட கம்பத்துக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். இழவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னதால் கோபம்கூட வரவில்லை.

இந்த விமர்சனம் அந்த அலுவலகத்தைப் பற்றியது, அமெரிக்க வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகம் அது. அமெரிக்காவில் கொஞ்சம் நிலம் வாங்கி ஆடு, கோழி, காய்கறி என்று இறங்கியிருக்கும், இறங்க ஆசைப்படும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். எந்தக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று சொல்லப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அங்கே மொத்தம் ஐந்தாறு பேர்தான் வேலை செய்கிறார்கள், எல்லோரையும் மளிகைக் கடையில் பார்க்க வேண்டும்.

இடம் மிசௌரியின் நடுப்பகுதி. வீட்டுக்காரருக்கு இங்கே கொலம்பியா நகரத்தில் கணினி வேலை, எனக்கு ஆடு. காங்கேயம் பக்கம் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில் வளர்ந்தவள் நான். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஆடு மேய்க்கப்போகிறேன் என்று சொன்னபோது ஊரில் அப்பா போனில் ரொம்ப நேரம் பேசவில்லை, அது வேறு கதை. 42 ஏக்கர் வாங்கினோம். 26 ஏக்கர் புல், மீதி ஓக், ஹிக்கரி, வேண்டாத இடமெல்லாம் முளைக்கும் சிடார். தூர்ந்துபோன குட்டை ஒன்று. ஓடை ஒன்று.

அரசாங்க உதவியெல்லாம் ஆயிரம் ஏக்கரில் சோளமும் சோயாவும் போடுகிறவர்களுக்கு என்றே நினைத்திருந்தோம். எங்கள் நிலத்தில் புல்லறுத்து உருளை கட்டித் தரும் எழுபது தாண்டிய பக்கத்து நிலத்துக்காரர்தான், புது வேலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எஃப்.எஸ்.ஏ.வில் பேசிவிட்டுத்தானே போட்டீர்கள்?" என்று கேட்டார். வேளாண் துறையின் பண்ணைச் சேவைப் பிரிவுக்குத்தான் அந்தப் பெயர் என்று தெரியாமல் நாங்கள் முழித்த முழியைப் பார்த்து மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

கவுண்டித் தலைநகரின் கோடியில், நெடுஞ்சாலை ஓரமாக ஒற்றை மாடிக் கட்டடம். வாசலில் ஏழெட்டுப் பிக்கப் வண்டி. பலகையில் யு.எஸ்.டி.ஏ. சர்வீஸ் சென்டர் என்று எழுதியிருக்கும். அமெரிக்க வேளாண் துறை நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படி வைத்திருக்கிறது. உள்ளே போனால் கல்யாண மண்டபத்துக்கு வழி தெரியாமல் வந்தவர் மாதிரி நிற்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அது ஒரு அலுவலகம் இல்லை, மூன்று.

இடது கதவு எஃப்.எஸ்.ஏ. நில ஆவணம், கடன், வறட்சி வெள்ள நிவாரணம் எல்லாம் அவர்கள். நம் ஊர்க் கணக்கில் வி.ஏ.ஓ.வும் கூட்டுறவு வங்கியும் சேர்ந்த மாதிரி. வலது கதவு என்.ஆர்.சி.எஸ்., இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவு. மண், நீர், புல், காடு. உங்கள் நிலத்தில் இறங்கி நடக்கிறவர்கள் இவர்கள். வலது பக்கத்திலேயே மூலையில் ஒரு மேசை இருக்கிறது, அது கவுண்டியின் மண் நீர்ப் பாதுகாப்பு மாவட்டம். அங்கே இருப்பது மத்திய அரசுப் பணமே இல்லை, மாநிலப் பணம். இந்த மூன்றும் வேறு வேறு என்று புரிவதற்கு எனக்கு மூன்று நடை ஆயிற்று. முதல் நாள் இடது கதவில் போய் வேலிக்குப் பணம் கேட்டேன், இரண்டாம் நாள் வலது கதவில் போய் கடன் கேட்டேன். இரண்டு பக்கமும் சிரிக்காமல் மற்றக் கதவைக் காட்டினார்கள். வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் தீர்கிற விஷயம். நான்கு வருஷமாக ஒட்டவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் ஒரே பதில்தான்: இடது கதவு, பண்ணை எண். உங்கள் நிலத்துக்கு எஃப்.எஸ்.ஏ.வில் ஒரு பண்ணை எண், அதற்குள் டிராக்ட் எண், அதற்குள் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் இருக்க வேண்டும். சர்வே நம்பரும் உட்பிரிவும் மாதிரிதான். இந்த எண் இல்லாமல் வலது கதவில் ஆலோசனை கிடைக்கும், பணம் கிடைக்காது. பதிவான பத்திரம், அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், காசோலை ஒன்று, இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். எல்.எல்.சி. என்ற நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருந்தால் அதன் ஆவணங்களும், அதில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதற்கான தாளும் வேண்டும். வேலை இரட்டிப்பாகும், வேறொன்றுமில்லை.

எங்களுக்கு இங்கே ஒரு சிக்கல். எங்கள் 42 ஏக்கர், ஒரு பெரிய பண்ணையிலிருந்து வெட்டி விற்கப்பட்டது. கவுண்டி பத்திரப் பதிவில் அது தனி நிலம், எஃப்.எஸ்.ஏ. புத்தகத்தில் இன்னும் பழைய பண்ணையின் வால். பழைய எண்ணை உடைத்து எங்களுக்குப் புது எண் தர வேண்டும். இதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு, அலுவலகத்தில் "ரீகான்" என்றே சொல்கிறார்கள். பட்டா உட்பிரிவுக்கு அலைந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பழைய உரிமையாளரும் ஒத்துழைக்க வேண்டியிருந்தது, அவர் புளோரிடாவுக்குப் போயிருந்தார். எங்களுக்கு ஏழு வாரம். ஆனால் ஒரு வித்தியாசம் சொல்லியாக வேண்டும்: ஏழு வாரத்தில் யாரும் டீ செலவுக்குக் கேட்கவில்லை, இரண்டு தடவை அவர்களே போன் செய்து எந்த நிலையில் இருக்கிறது என்று சொன்னார்கள்.

எண் வந்ததும் ஒரு வான்படம் அச்சிட்டுத் தந்தார்கள். மேலிருந்து எடுத்த எங்கள் நிலம், ஒவ்வொரு வயலையும் சுற்றிக் கோடு, உள்ளே ஏக்கர் கணக்கு. காசு வாங்கவில்லை. அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

அப்புறம் கையெழுத்துகள். ஏடி-1026 என்று ஒரு படிவம்: எளிதில் அரிக்கும் சரிவில் பாதுகாப்பில்லாமல் உழமாட்டேன், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. இதை மீறினால் பெரும்பாலான திட்டங்களிலிருந்து வெளியே. வருமானப் படிவம் ஒன்று: மூன்று வருஷ சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. நானும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தாண்டவில்லை என்று மனப்பூர்வமாகக் கையெழுத்திட்டோம்.

நடுவில் ஒன்று, இதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். நீங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல், எச்-1பி விசாவில் இருந்துகொண்டு விவசாய நிலம் வாங்கினால், 1978-இல் வந்த ஒரு சட்டப்படி 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.வில் அறிவிக்க வேண்டும். நிலத்தைச் சீனாக்காரன் வாங்குகிறானா என்று கணக்கெடுக்கிற சட்டம்தானே என்று இருந்துவிடாதீர்கள், நமக்கும் சேர்த்துத்தான். அறிவிக்காவிட்டால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். 10 ஏக்கருக்குக் குறைந்த சிறு நிலங்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு, ஆனால் உங்கள் நிலத்துக்கு அது பொருந்துமா என்பதை அந்த மேசையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நிலத்தரகர் சொல்லமாட்டார்.

வலது கதவுக்கு வருகிறேன். இந்த விமர்சனத்தை எழுத வைத்ததே வலது கதவுதான்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மண் பாதி உறைந்து பாதி சேறாக இருந்த காலையில், என்.ஆர்.சி.எஸ். பாதுகாப்பு அலுவலர் எங்கள் நிலத்துக்கு வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் மண்ணைத் துளைத்து எடுக்கும் இரும்புக் குழாய், புல் உயரம் அளக்க அளவுகோல் போட்ட குச்சி. மூன்று மணி நேரம் நடந்தார். ஒரு டாலர் கட்டணமில்லை, எந்தத் திட்டத்திலும் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெறும் ஆலோசனை மட்டும் கேட்டாலும் இதே நடைதான். ஒரு தனியார் ஆலோசகர் இதற்கு வாங்கும் பணத்தை யோசித்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

குழாயை அழுத்தி எடுத்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். மேலே ஒரு சாண் நல்ல வண்டல் மண். அதற்குக் கீழே திடீரென்று வழவழப்பான களிமண் தட்டு. மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்காமல் அந்தத் தட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். வெயில் வந்தால் வேரும் அதைத் துளைக்க முடியாமல் நிற்கும். மிசௌரியின் வடகிழக்கிலும் நடுவிலும் இந்த மண் பிரசித்தம். "உங்களுக்கு இங்கே இருப்பது ஒரு சாண் விவசாயம்" என்றார். அந்த ஒரு சாணும் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டத்தான் அடுத்து என் புது வேலிக்குக் கூட்டிப் போனார்.

வேலி, மேட்டிலிருந்து ஓடை வரை சரிவின் போக்கிலேயே நேராக இறங்கியது. வேலிக்காரருக்கு அதுதான் சுலபம், எங்களுக்கும் நேர்க்கோடு அழகாகத் தெரிந்தது. ஆடு வேலி ஓரமாகவே நடக்கும், அது அதன் பிறவிக் குணம். நடந்த தடத்தில் புல் சாகும், தடத்தில் தண்ணீர் ஓடும், வேலியை ஒட்டியே ஒரு வாய்க்கால் விழும். அவர் இதை விளக்க விளக்க, அப்புச்சி கொரங்காட்டைப் பிரித்த விதம் எனக்கு ஞாபகம் வந்தது. கிளுவை முள் வேலி, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். காட்டைப் பல துண்டாக்கி, ஒன்று மேய்ந்து முடித்தால் கடவை மூடிவிட்டு அடுத்தது. மேய்ந்த துண்டில் புல் எழும்பி விதை விழும்வரை ஆட்டை விடமாட்டார். இதையே இவர்கள் திட்டமிட்ட மேய்ச்சல் என்கிறார்கள், அதற்கு ஓர் எண்ணும் உண்டு, 528. வேலி 382, தண்ணீர்த் தொட்டி 614, குழாய் 516, குட்டை 378. ஒரு கட்டத்தில் அலுவலர்கள் தங்களுக்குள் எண்ணிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள், பயப்படாமல் நிறுத்தி என்னவென்று கேளுங்கள்.

ஓடைக் கரையில் நின்றுகொண்டு அவர் கேட்ட கேள்வியை இன்னும் யோசிக்கிறேன். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கவில்லை. "இந்த நிலத்துக்கு என்ன குறை?" என்று கேட்டார். இதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தத் திட்டங்கள் உங்கள் ஆசைக்குப் பணம் தருவதில்லை, நிலத்தின் குறைக்குத் தருகின்றன. வேலி வேண்டும் என்று போனால் ஒன்றும் நடக்காது. சரிவில் மண் போகிறது, ஓடையில் ஆடு இறங்கிக் கலக்குகிறது, ஒரே புல்லை வருஷம் முழுக்க மேய்கிறது என்று சொன்னால், அந்தக் குறையைத் தீர்க்கும் வழியாக வேலி தானாக வரும். சொல்லை மாற்றச் சொல்லவில்லை, பார்வையை மாற்றச் சொல்கிறேன். அவர் கேட்கும்வரை எனக்கும் வேலி மட்டும்தான் கண்ணில் இருந்தது.

புல்லைப் பற்றியும் ஒரு பாடம் எடுத்தார். எங்கள் மேய்ச்சல் முழுக்கக் கென்டக்கி 31 என்ற ஃபெஸ்க்யூ வகைப் புல். மிசௌரியில் எங்கே பார்த்தாலும் அதுதான். அதற்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை புல்லைச் சாகாமல் காப்பாற்றும், மேய்கிற உயிருக்குக் கோடையில் ரத்த ஓட்டத்தைக் குறைத்துச் சூடேற்றும். சில துண்டுகளில் இந்த மண்ணுக்கே உரிய பெரிய நீலத்தண்டுப் புல், இந்தியன் கிராஸ் போன்றவற்றை விதைக்கலாம் என்றார். ஜூலையில் ஃபெஸ்க்யூ சோம்பிப் படுக்கும்போது இவை எழும்பும்.

இந்தத் துறை பிறந்ததே மண் பறந்துபோன கதையில்தான். 1930களில் நடுச் சமவெளிகளில் உழுத மண் புழுதிப் புயலாக எழுந்தது. ஹ்யூ ஹாமண்ட் பென்னட் என்ற மண்ணியலாளர் வாஷிங்டனில் விடாமல் வாதாடி, 1935-இல் மண் பாதுகாப்புத் துறை உருவாயிற்று. 1994-இல் பெயர் மாறி என்.ஆர்.சி.எஸ். ஆனது. மிசௌரியின் கணக்கு தனி: 1980களின் தொடக்கத்தில் நாட்டிலேயே மண்ணரிப்பில் இரண்டாவது இடம். அந்த வெட்கத்தில் 1984-இல் மாநில மக்களே வாக்களித்துத் தங்கள் மேல் ஒரு விற்பனை வரியைப் போட்டுக்கொண்டார்கள். 100 டாலருக்கு 10 சென்ட். பாதி மாநிலப் பூங்காக்களுக்கு, பாதி மண்ணுக்கு. அதற்கப்புறம் திரும்பத் திரும்ப வாக்கெடுப்பில் நீட்டித்தும் விட்டார்கள், கடைசியாக 2016-இல். மூலை மேசையில் இருக்கும் பணம் இதுதான். 114 கவுண்டிக்கும் 114 மண் நீர் மாவட்டம். கடையில் வெங்காயம் வாங்கினாலும் அதில் ஒரு துளி யாரோ ஒருவர் நிலத்து ஓடைக்குப் போகிறது. வரி கட்டும்போது எனக்கு எரிச்சல் வராத ஒரே வரி.

சரி, பணம். முக்கியமான திட்டத்தின் பெயர் ஈக்விப், பாதுகாப்பு வேலைகளின் செலவில் பங்கு தரும் என்.ஆர்.சி.எஸ். திட்டம். விண்ணப்பம் வருஷம் முழுக்கக் கொடுக்கலாம், ஆனால் ஒரு கெடு தேதி வைத்து அதுவரை வந்ததை மொத்தமாக மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். மேலே உள்ளவர்களுக்குக் கிடைக்கும். முதல் வருஷம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அலுவலர் போன் செய்து, விண்ணப்பத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கட்டுமா என்று கேட்டார், சரி என்றேன். அந்த இடைவெளியில் மனசு கேட்காமல், நாமே போட்டுவிடலாமா என்று வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டார். 6,200 என்று மட்டும் சொன்னேன். பேச்சு நின்றது. நிஜமாகவே அவசரம் இருந்தால், முன்கூட்டியே வேலை தொடங்க எழுத்தில் அனுமதி கேட்க ஒரு வழி இருக்கிறது. எழுத்தில் வந்த பிறகு கடப்பாரையை எடுங்கள், வாய்ச்சொல்லை நம்பி எடுக்காதீர்கள்.

இரண்டாம் முறை வந்தது. பத்து வருஷத்துக்குள் விவசாயத்துக்கு வந்தவர்களுக்குத் "தொடக்க விவசாயி" என்ற தகுதி உண்டு, அவர்களுக்கு விகிதம் கூடுதல், மதிப்பிட்ட செலவில் 90 சதவீதம் வரை போகலாம். வழக்கமாக வேலையை முடித்து, அவர்கள் வந்து அளந்து பார்த்த பிறகுதான் பணம். தொடக்க விவசாயி போன்ற சில பிரிவினர் மட்டும் பாதியை முன்பணமாகக் கேட்கலாம், அதை 90 நாளுக்குள் செலவழிக்க வேண்டும். நாங்கள் கேட்டோம். அது இல்லாவிட்டால் கம்பி வாங்கவே கடன்தான்.

கவனியுங்கள், அவர்கள் உங்கள் பில்லைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அடிக்கு இவ்வளவு, தொட்டிக்கு இவ்வளவு என்று முன்பே நிர்ணயித்த விலை. நீங்கள் சிக்கனமாகச் செய்தால் லாபம், வேலிக்காரர் அதிகம் கேட்டால் உங்கள் கை கடிக்கும். எங்களுக்கு வேலியில் கொஞ்சம் கடித்தது, தொட்டியில் தப்பித்தோம். தொட்டி என்றால் சிமென்ட் தொட்டி இல்லை. சுரங்க வண்டிகளின் பழைய ராட்சத டயரைப் படுக்கவைத்து, மேல் விளிம்பை வெட்டி, அடியில் கான்கிரீட் போட்டு, நிலத்தடிக் குழாயில் தண்ணீர் விடுவது. ஆடு ஏறினாலும் மாடு முட்டினாலும் அசையாது, கறுப்பு ரப்பர் என்பதால் குளிரில் சட்டென்று உறையாது. மூன்று பேர் சேர்ந்து டிராக்டரால் உருட்டி இறக்கிய நாளில் பக்கத்து நிலத்துக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

அளக்க வந்த நாளில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வேலி முழுக்க நடந்தார்கள். மூலைக் கம்பம் ஒன்று ஆழம் போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். புதுசாகப் பிடித்த வேலிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தோண்டி நட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. வேலியை 20 வருஷம் நல்ல நிலையில் வைத்திருப்பேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான், அவர் இல்லை. இன்னொன்று: வந்த பணம் வருமான வரிக் கணக்கில் வரும், ஜனவரியில் படிவம் தபாலில் வந்து நிற்கும். தணிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இடது கதவால் எதிர்பாராமல் கிடைத்த ஒன்றையும் சொல்கிறேன். 2023 கோடையில் நடு மிசௌரி கருகியது. குட்டையில் மீதியிருந்த தண்ணீரும் போயிற்று, காய்ந்த புல் உருளைக்கு விலை ஏறிக்கொண்டே போனது. ஜூலையில் எஃப்.எஸ்.ஏ. பெண்மணி, எங்கள் புல்வெளியைப் பயிராகப் பதிந்திருக்கிறோமா என்று போனில் கேட்டார். புல்லைக்கூடப் பதிய வேண்டும் என்பதே அப்போதுதான் தெரியும். போய்ப் பதிந்தோம். வறட்சி வரைபடத்தில் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி டி3 என்ற கடும் நிலையைத் தொட்டாலே மூன்று மாதத் தீவனக் கணக்கு உண்டு, அன்றைய விதி அது. ஆட்டுக்கும் உண்டு. 34 ஆட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர் வந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் அந்த ஆகஸ்டில் ஓர் ஆட்டைக்கூட அவசர விலைக்கு விற்கவில்லை.

ஆடு வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டடத்தோடு நிற்காதீர்கள். ஜெபர்சன் சிட்டியில் லிங்கன் பல்கலைக்கழகம் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினப் படைவீரர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் போட்டு 1866-இல் தொடங்கியது. சிறு விவசாயிகளுக்கும் செம்மறி வெள்ளாட்டுக்கும் அங்கே தனிக் கவனம் உண்டு. ஆட்டின் கீழிமையை இழுத்து, உள்நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, ரத்தம் குடிக்கும் குடற்புழு எவ்வளவு என்று கணிக்கும் முறையை ஆட்டுக்காரர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஊரில் என் ஆத்தா இதை அட்டை இல்லாமலே செய்வார். ஆனால் எந்த நிறத்துக்கு மருந்து, எந்த நிறத்துக்கு வேண்டாம் என்று அட்டை சொல்வது மாதிரி அவர் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இப்போது குறைகள். போனை எடுப்பது அபூர்வம். திங்கள் முதல் வெள்ளி வரை, எட்டு மணி முதல் நாலரை வரை மட்டுமே திறந்திருப்பதால், வெளியே வேலைக்குப் போகிறவர்கள் விடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும், எனக்கு வாய்த்த மாதிரி எல்லோருக்கும் பகல் வாய்க்காது. இணையதளத்தில் படித்துவிட்டுப் போனவளுக்குத் தலைசுற்றல்தான் மிச்சம். உங்கள் கவுண்டி அலுவலகத்தின் முகவரியைக் கண்டுபிடிக்க அது போதும், அதற்கு மேல் அங்கே நேரம் போக்காதீர்கள். மண் வரைபடத் தளம் மட்டும் விதிவிலக்கு, உங்கள் நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டால் என்ன மண் என்று சொல்லிவிடும்.

பெரிய குறை ஆள் பற்றாக்குறை. எங்களோடு சேற்றில் நடந்தவர் 2025 வசந்தத்தில் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்தில் இன்னும் யாரும் வரவில்லை, பக்கத்துக் கவுண்டிக்காரர் வாரத்தில் இரண்டு நாள் வந்து இரண்டையும் பார்க்கிறார். அவருக்கு எங்கள் கோப்பு தெரியும், நிலம் தெரியாது. அந்த அக்டோபரில் மத்திய அரசு முடங்கியபோது கதவே பூட்டிக் கிடந்தது, எங்கள் கடைசித் தவணை அதில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தது. ஒப்பந்தம் அரசாங்கத்தோடு போடுகிறோம், அரசாங்கம் எப்போது திறந்திருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது.

நட்சத்திரம் போட வேண்டுமென்றால்: வலது கதவுக்கு ஐந்து, மூலை மேசைக்கு ஐந்து, இடது கதவுக்கு நாலு, வாசலில் ஒட்டாத தாளுக்கு ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கர் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள்கூடப் போகலாம், காய்கறிக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் போர்த்திய உயரக் கூடாரத்துக்கு உதவி உண்டு, எண் 325. அடுத்த மாதமே பணம் வேண்டும் என்கிறவர்கள் போக வேண்டாம்.

பழைய வேலி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திட்ட வரைபடம் வந்தபோது முதல் வரியே அதைப் பிடுங்கச் சொன்னது. 2,300 அடியையும் நானும் வீட்டுக்காரரும் இரண்டு வார இறுதியில் கழற்றினோம். கம்பியைச் சுருட்டி வைத்திருக்கிறோம், கம்பங்களில் பாதியைக் கோழிப்பட்டிக்கு நட்டாயிற்று. போன வாரம் தமிழ்ச்சங்கத்தில் ஒருவர், 15 ஏக்கர் வாங்கியிருக்கிறோம், உங்கள் வேலிக்காரர் நம்பர் வேண்டும் என்றார். அவருடைய கவுண்டி அலுவலக முகவரியைத் தேடி அனுப்பிவைத்தேன். வேலிக்காரர் நம்பரைப் பண்ணை எண் வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.